யோகேஷ் கதுனியாவும் ஒரு கிலோ வட்டும்: வேலூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வட்டும் குண்டும் எறியச் சொல்லிக்கொடுக்கிறேன். 2024 செப்டம்பரில், மாற்றுத்திறனாளிகளின் ஒலிம்பிக்கான பாராலிம்பிக்கில், பாரிஸில் யோகேஷ் கதுனியா வட்டு எறிந்து இரண்டாவது முறையாக வெள்ளி வென்றதிலிருந்து, பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் அவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பயிற்சியை முடிக்கும் அவசரத்தில் நான் அரைகுறையாகவே பதில் சொல்லி வந்தேன். அந்தக் குறை தீர இதை எழுதுகிறேன்.

யோகேஷ் கதுனியா யார்?

அரியானா மாநிலம் பகதூர்கர் ஊர்க்காரர். 1997 மார்ச் 3 அன்று பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர். எஃப்56 என்னும் பிரிவில் உட்கார்ந்தபடி வட்டு எறிகிறார். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு பாராலிம்பிக்கிலும் வெள்ளி. உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் 2019-இல் துபாயில் வெண்கலம், அதன்பின் 2023 பாரிஸ், 2024 கோபே, 2025 புதுடெல்லி மூன்றிலும் வெள்ளி. 2021-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

அவருக்கு என்ன நோய்? பிறவியிலேயே அப்படியா?

பிறவியில் வந்ததில்லை. ஒன்பது வயது வரை ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை. அந்த வயதில் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் தாக்கியது. 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்ததாகச் செய்தித்தாள்களில் அடிபட்டதே, அதே நோய்தான். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, தன் நரம்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன சில நாள்களில் பாதத்தில் மதமதப்பு தொடங்கி, பலவீனம் மேலே ஏறிக்கொண்டே போகும். மூச்சுத் தசைகள்வரை போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் இரண்டு கால்களும் திடீரென்று தளர்ந்தால் 'சத்துக் குறைவு' என்று டானிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

பெரும்பாலானோர் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தேறிவிடுகிறார்கள். சிலருக்குப் பலவீனம் தங்கிவிடும். யோகேஷுக்குத் தங்கிவிட்டது. சக்கர நாற்காலிக்குப் போனார். அவருடைய அம்மா மீனா தேவி பிசியோதெரபி கற்றுக்கொண்டு மகனுக்குத் தானே பயிற்சி கொடுத்தார். மூன்று ஆண்டுகளில், பன்னிரண்டு வயதில், பையன் மறுபடியும் எழுந்து நடக்கும் அளவுக்குத் தசைகள் பலம் பெற்றன.

மூன்று ஆண்டு என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிய வேண்டுமானால் பேரணாம்பட்டிலிருந்து எங்களிடம் வரும் ஓர் அம்மாவைப் பார்க்க வேண்டும். பீடி சுற்றும் முறம் மடியில் இருக்கும். கை இலையை நறுக்கிக்கொண்டிருக்கும். எதிரே மகன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். ஐம்பது பீடி ஆனதும் முறத்தை இறக்கி வைத்துவிட்டு, அவன் குதிகாலை ஒரு கையால் பிடித்து, முன்பாதத்தை மறு கையால் அவன் பக்கமாகத் தள்ளி, முப்பது எண்ணும்வரை பிடித்திருப்பார். பிறகு அடுத்த கால். பிறகு மறுபடியும் முறம். "வலிக்கிறது அம்மா" என்று அவன் சொல்லும்போது அவர் எண்ணுவதை நிறுத்துவதில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொள்கிறார். எந்தப் பதக்கப் பட்டியலிலும் இந்த வேலைக்கு இடமில்லை. யோகேஷ் மேடையேறும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

வட்டு எறியத் தொடங்கியது எப்போது?

டெல்லி கிரோரி மால் கல்லூரியில் வணிகவியல் படிக்கச் சேர்ந்த பிறகு. அங்கே மாணவர் சங்கத்தில் இருந்த சச்சின் யாதவ் என்ற நண்பர், பாரா விளையாட்டு வீரர்களின் காணொளிகளைக் காட்டி 'நீயும் போகலாமே' என்று தூண்டினார். அது 2016. இரண்டே ஆண்டில், 2018-இல், பெர்லின் போட்டியில் 45.18 மீட்டர் எறிந்து அப்போதைய தன் பிரிவில் உலக சாதனை படைத்தார்.

பன்னிரண்டு வயதில் நடக்கத் தொடங்கிய பிள்ளை மைதானத்துக்கு வரும்போது வயது பத்தொன்பது. இடையில் ஏழு ஆண்டுகள். உடம்பு தயாராக இருந்தும் கூப்பிட ஆள் இல்லை. இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையை அடுத்து எங்கே அழைத்துப் போவது என்று மருந்துச் சீட்டில் எழுதியிருக்காது. யாராவது ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட வேண்டும்.

உட்கார்ந்தபடி 44 மீட்டர் எப்படிப் போகிறது?

டோக்கியோவில் யோகேஷ் எறிந்த தூரத்தை வைத்துக் கேட்கிறார்கள். இது எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நின்று எறிகிறவர் இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, காலிலிருந்து வேகத்தைத் திரட்டிக் கைக்குக் கொண்டுவருவார். உட்கார்ந்து எறிகிறவருக்கு அந்தச் சுற்று கிடையாது. இருப்பது இடுப்புக்கு மேலே உள்ள முறுக்கும், தோளும், கையும், விரல்களும் மட்டும். வட்டின் எடையும் வேறு. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 2 கிலோ, உட்கார்ந்து எறியும் ஆண்களுக்கு 1 கிலோ.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எறிவதாகப் பலர் நினைக்கிறார்கள். எஃப்56 வீரர்கள் எறிவது சக்கரமே இல்லாத ஓர் இரும்புச் சட்டகத்திலிருந்து. மெத்தையையும் சேர்த்து இருக்கையின் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சட்டகத்தை நாலு மூலையிலும் பட்டை போட்டுத் தரையோடு இறுக்கிக் கட்டுவார்கள். தொடைக்கு மேலும் ஒரு பட்டை வரும். முழங்காலின் பின்புறத்திலிருந்து புட்டம்வரை இருக்கையில் பதிந்தே இருக்க வேண்டும். எறியும் வேகத்தில் கொஞ்சம் எழும்பினாலும் பவுல். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் கணக்கில் வராது.

சட்டகத்தின் முன்பக்கம் செங்குத்தாக ஒரு கம்பி நிற்கும். பார்க்கிறவர்கள் அதைப் பிடிமானம் என்றே நினைப்பார்கள். உண்மையில் எறிதலின் பாதி அதில்தான் இருக்கிறது. வலக்கைக்காரர் இடக்கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, வட்டோடு உடம்பைப் பின்னால் முறுக்கிக்கொண்டு போவார். பிறகு கம்பியைத் தன் பக்கம் இழுப்பார். அந்த இழுப்பில் இடத்தோள் பின்னால் வர, வலத்தோள் முன்னால் பாயும். கடைசியாக வட்டு ஆட்காட்டி விரலின் நுனியைத் தடவிக்கொண்டு வெளியேறும்போது சுழற்சி கிடைக்கிறது. அந்தச் சுழற்சி சரியாக இருந்தால்தான் வட்டு தட்டையாகக் காற்றில் மிதக்கும். இல்லையென்றால் தோசைக்கல் விழுவதுபோலத் தடுமாறி விழும்.

குடியாத்தத்துப் பையன் ஒருவனை முதல் தடவையாகச் சட்டகத்தில் கட்டிய காலை மறக்க முடியாது. அதற்கு முன் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து எறிந்துகொண்டிருந்தான். எறியும்போதெல்லாம் நாற்காலி ஒரு பக்கம் தூக்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாதி பலம் போய்விடும். அன்று லாரியில் சரக்குக் கட்டும் பட்டையால் சட்டகத்தை இறுக்கிவிட்டு, "இப்போது அசைத்துப் பார்" என்றேன். இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தான். இம்மியும் அசையவில்லை. அவன் முகம் மாறிவிட்டது. முதல் எறிதலே வழக்கமாக நாங்கள் குச்சி நடும் இடத்தைத் தாண்டி வேலியோரம் போய் விழுந்தது. அவன் கையில் புதிதாக ஒரு பலமும் வரவில்லை. அடியில் அசையாத ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

எஃப்56 என்றால் என்ன? கால் ஊனம் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வாங்கியவர். அவரை 105 கிலோ ஆளோடு மோதவிட்டால் நியாயமா? இதுவும் அதுபோலத்தான். தசையில் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கிறது, இடுப்புக்கு மேலே உடம்பை எவ்வளவு முறுக்க முடிகிறது, தொடையை அசைக்க முடிகிறதா என்பதைப் பார்த்து எஃப்51 முதல் எஃப்57 வரை பிரிக்கிறார்கள். எண் கூடக் கூட உடலில் மிஞ்சியிருக்கும் செயல்திறன் கூடுதல். எஃப்56-இல் உடற்பகுதி நன்றாக இயங்கும், தொடையிலும் ஓரளவு அசைவு இருக்கும்.

ஒரு தடவை கொடுத்த பிரிவு நிரந்தரம் என்று நம்பிவிட வேண்டாம். யோகேஷ் பெர்லினில் சாதனை செய்தபோது எஃப்36 பிரிவில் இருந்தார். அது நின்றபடி எறிகிறவர்களின் பிரிவு. பிறகுதான் எஃப்56-க்கு வந்தார். புதிய பிரிவு என்றால் புதிய உத்தி, புதிய எதிராளிகள், எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். டோக்கியோவில் இன்னொரு இந்திய வீரர் வினோத் குமார் எஃப்52 பிரிவில் 19.91 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்றார். அவரை அந்தப் பிரிவில் சேர்க்க முடியாது என்று மதிப்பீட்டுக் குழு முடிவு செய்ததால் பதக்கம் போய்விட்டது. எல்லைப் பாதுகாப்புப் படையில் பயிற்சியின்போது அடிபட்டுப் படுக்கையில் கிடந்து மீண்டு வந்த மனிதர் அவர். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரிவுகளைக் கலந்து போட்டி நடத்தும்போது அவரவர் பிரிவின் அளவுகோலோடு ஒப்பிட்டுப் புள்ளி கொடுப்பார்கள். ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில், 2023 அக்டோபரில், யோகேஷ் 42.13 மீட்டர் எறிந்தார். அவரைவிடக் குறைவாக 38.56 மீட்டர் எறிந்த நீரஜ் யாதவுக்குத் தங்கம். நீரஜ் எஃப்55, அதாவது உடலில் செயல்திறன் குறைவாக உள்ள பிரிவு. தொலைக்காட்சியில் பார்த்த பலர் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று என்னிடம் கோபப்பட்டார்கள். தவறு ஒன்றும் இல்லை. இரண்டு பதக்கமும் நமக்குத்தானே வந்தன.

டோக்கியோவில் என்ன நடந்தது?

2021 ஆகஸ்ட் 30. யோகேஷுக்கு வயது 24. உட்கார்ந்து எறியும் போட்டியில் ஒருவர் தன் வாய்ப்புகளை அடுத்தடுத்து எறிந்து முடிப்பார். ஒவ்வொரு எறிதலுக்கும் கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? அதனால் எதிராளியின் எறிதலைப் பார்த்து, யோசித்து, ஆறுதலாகத் திரும்பி வர நேரம் இல்லை. யோகேஷின் மிக நல்ல எறிதல் ஆறாவது, அதாவது கடைசி எறிதலில் வந்தது: 44.38 மீட்டர். கொரோனா ஊரடங்கில் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபின், ஓராண்டாகப் பயிற்சியாளர் இல்லாமல் தானே பயின்று போனவர் அவர். தோள் களைத்துப்போகும் ஆறாவது எறிதலில்தான் அந்த ஓராண்டின் உழைப்பு தெரிந்தது.

எப்போதும் வெள்ளிதானே வாங்குகிறார், தங்கம் ஏன் வரவில்லை?

இதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம் வரும். இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

அவருக்கு முன்னால் நிற்பவர் பிரேசில் நாட்டின் கிளாடினி பாடிஸ்டா டாஸ் சாண்டோஸ். 1978-இல் பிறந்தவர். 2005-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காலை இழந்தார். 2012 லண்டனில் ஈட்டி எறிதலில் வெள்ளி வாங்கினார். பிறகு வட்டு எறிதலில் 2016 ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் தங்கம். டோக்கியோவில் 45.59 மீட்டர். பாரிஸில் 46.86 மீட்டர், அது பாராலிம்பிக் சாதனை. அப்போது அவருக்கு வயது 45. இந்தப் பிரிவின் சாம்பியன் அவர்தான். அதைச் சொல்ல நமக்குத் தயக்கம் தேவையில்லை.

டோக்கியோவில் யோகேஷ் அவரைவிட 1.21 மீட்டர் பின்தங்கினார். பாரிஸில் யோகேஷ் முதல் எறிதலிலேயே 42.22 மீட்டர் போட்டு, அதற்குமேல் கூட்ட முடியவில்லை. இடைவெளி நாலரை மீட்டரைத் தாண்டிவிட்டது. தொடர்ந்து வெள்ளியே வருகிறது என்று அவரே வருத்தத்தோடு பேசினார். அந்த வருத்தம் அவருக்கு உரியது. நாம் அதை வாங்கி அவர்மேலேயே எறிய வேண்டாம். பிரேசில்காரருக்கும் யோகேஷுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். 45 வயதில் ஒருவர் தன் மிகப் பெரிய பாராலிம்பிக் எறிதலை எறிகிறார் என்றால், 27 வயதுக்காரரின் கணக்கை முடித்துவைக்க நாம் யார்?

இவருக்கு முன்னால் இந்தியாவில் யாராவது?

இருந்தார்கள், நாம்தான் மறந்துவிட்டோம். 1984 பாராலிம்பிக்கில் ஜோகிந்தர் சிங் பேடி குண்டு எறிதலில் வெள்ளியும், வட்டிலும் ஈட்டியிலும் வெண்கலமும் வாங்கினார். 1972-இல் ஹைடல்பர்க்கில் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் 2016 ரியோவில் உயரம் தாண்டிய 1.89 மீட்டரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பெண் பிள்ளைகள் எறியலாமா?

தாராளமாக. தீபா மாலிக் 2016-இல் குண்டு எறிதலில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 45, இரண்டு பெண்களுக்குத் தாய். இறகுப்பந்தில் நம் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவரும் பாரிஸிலிருந்து பதக்கத்தோடு வந்தார்கள். எங்கள் மைதானத்தில் பெண் பிள்ளைகள் குறைவாக இருப்பதற்குக் கழிப்பறை வசதி இல்லாததே முதல் காரணம்.

வேலூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. பாராலிம்பிக்கே ஒரு மருத்துவமனையில் பிறந்த விளையாட்டு. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வளர்ந்து 1960-இல் ரோமில் முதல் பாராலிம்பிக் ஆனது.

நம் ஊரில் அதே காலகட்டத்தில் மருத்துவர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கான துறையைக் கட்டியெழுப்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தியா முழுவதிலிருந்தும் வேலூருக்கு ரயில் ஏறி வருகிறார்கள், காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்புகிறார்கள். மருத்துவமனை வரைக்கும் வேலூர் நாட்டுக்கே வழிகாட்டிவிட்டது. பாகாயத்திலிருந்து மைதானம் வரைக்கும் உள்ள வழியைத்தான் நாம் இன்னும் போடவில்லை.

என் பிள்ளையை அழைத்து வரலாமா? எதில் கவனம் வேண்டும்?

வாருங்கள். முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். கில்லன் பாரேயிலிருந்து மீண்டவர்களுக்குச் சீக்கிரம் அசதி வரும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

வெயில் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாமல் தவிக்கும். வேலூர்ச் சித்திரை வெயில் என்னவென்று உங்களுக்கே தெரியும். காலை ஏழரைக்கெல்லாம் நாங்கள் நிறுத்திவிடுவோம். ஈரத்துண்டும், தண்ணீர் தெளிக்க ஒரு பாட்டிலும் எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

இன்னொன்று தோல். உணர்ச்சி இல்லாத இடத்தில் பட்டை அழுத்தினாலும் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் புட்டத்தையும் தொடையின் அடியையும் பாருங்கள். சிவந்து, அந்தச் சிவப்பு மறையாமல் இருந்தால் அடுத்த வாரம் எறிய வேண்டாம். படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்.

வீட்டில் பயிற்சிக்கு வட்டே தேவையில்லை. பழைய துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு, உட்கார்ந்தபடி முறுக்கி வீசச் சொல்லுங்கள். வட்டு கையில் கிடைத்ததும் முதல் சில வாரம் எறியவிட மாட்டேன், தரையில் உருட்டத்தான் சொல்வேன். நேராக உருண்டால் விரல் சரியாக விடுகிறது என்று அர்த்தம்.

சட்டகம் எங்கே கிடைக்கும்?

கடையில் கிடைக்காது. ஆளின் தொடை நீளத்துக்கும் உயரத்துக்கும் அளவெடுத்துச் செய்வது. எங்களுடையதைச் செய்தவர் சத்துவாச்சாரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சார், சக்கரம் வைக்க மறந்துவிட்டீர்களே" என்றார். சக்கரம் இல்லாததுதான் இதன் விசேஷம் என்று விளக்கியதும், மேசைமேல் உட்கார்ந்து தானே எறிவதுபோல் முறுக்கிப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் இழுப்பு முழுக்க இந்த மூலைக்குத்தான் வரும்" என்று பின்பக்கத்து வலது காலைக் காட்டி, அங்கே நான் கேட்காமலேயே ஒரு குறுக்குத் தண்டு வைத்துப் பற்றவைத்தார். கூலி வாங்கவில்லை, இரும்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பிடிகம்பி வளைவு இல்லாமல் ஒரே நீளமாக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

போட்டிகளுக்குப் போக என்ன வேண்டும்?

தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவ அறிக்கைகள், ஆதார். மாவட்ட அளவில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, அதிலிருந்து தொடங்கலாம். மேலே போகும்போது மதிப்பீட்டாளர்கள் தசை பலத்தைச் சோதிப்பார்கள், போட்டியில் எறிவதையும் பார்ப்பார்கள். உள்ளதை உள்ளபடி காட்டச் சொல்லிப் பிள்ளையைப் பழக்குங்கள்.

எங்கே போனாலும் முதல் நாளே போய் வாசலைப் பார்த்துவிடுங்கள். ஒரு போட்டிக்கு நாங்கள் போன மைதானத்தில் நுழைவாயிலில் படிகள் மட்டும்தான் இருந்தன. மூன்று பேர் நாற்காலியோடு பையனைத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அவன் எறிந்தது அவனுடைய வழக்கமான தூரத்தில் பாதிகூட இல்லை.

பரிசுப் பணம் உண்டா?

பெரிய பதக்கத்துக்கு உண்டு. பாரிஸ் பாராலிம்பிக் பதக்கங்களுக்கு மத்திய அரசு தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 30 லட்சம் ரூபாய் அறிவித்தது. அங்கே போய்ச் சேரும்வரை செலவு உங்களுடையது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். குடிதண்ணீர், பழைய துண்டு இரண்டு, பிள்ளைக்கு ஏதாவது பலகாரம். பாட்டியோ தம்பியோ கூட வந்தால் நல்லது, விழுந்த வட்டை எடுத்துவர ஆள் வேண்டும். வட்டு வாங்கிவிட வேண்டாம். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் ஓரம் சிமெண்டில் பட்டுக் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் கொடுப்போம்.